பாதி சீசன் கணக்கு



ஆண்டு மலர் என்றால் டெக்னிக்கல் கட்டுரை இரண்டு, கவிதை நாலைந்து, மீதிப் பக்கத்துக்கு ஜோக் என்பதுதான் வழக்கம். இந்தத் தடவை மலர்க்குழுவிடம் கெஞ்சி மூன்று பக்கம் வாங்கியிருக்கிறேன், கால்பந்தைப் பற்றி எழுத. ஹாஸ்டல் டி.வி. அறையில் உட்கார்ந்து, அஞ்சாவது மேட்ச் முடியும் முன்னே "இந்த டீம் இந்த வருசம் அவ்வளவுதான் மக்கா" என்று தீர்ப்பு எழுதிவிடுகிற நண்பர்களுக்கு இது ஒரு பாடம் மாதிரி. பாடம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். எம்-2 அரியர் வைத்திருப்பவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

முதலில் லீக் என்பது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் இரண்டு தடவை ஆட வேண்டும். ஒன்று சொந்த மைதானத்தில், இன்னொன்று அவர்கள் ஊரில். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. பத்து அணி இருந்தால் ஆளுக்கு 18 ஆட்டம். அதில் பாதி, அதாவது ஒன்பது ஆட்டம் ஆனதும் பேப்பரில் புள்ளிப் பட்டியலைப் போட்டு "இவர்கள் தேறுவார்கள், இவர்கள் தேறமாட்டார்கள்" என்று எழுதுவார்கள். பல சமயம் அதற்கும் முன்னாலேயே எழுதிவிடுவார்கள்.

பட்டியலில் நாம் பார்ப்பது இடம். ஒன்றாம் இடம், ஒன்பதாம் இடம். ஆனால் பாதி சீசனில் சிலர் ஆறு ஆட்டமும் சிலர் எட்டு ஆட்டமும் ஆடியிருப்பார்கள். ஆகவே இடத்தை விட்டுவிட்டு, புள்ளியை ஆட்ட எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும். இது முதல் படி. இரண்டாவது படி, அந்தப் புள்ளியை யாரிடம் எடுத்தார்கள் என்று பார்ப்பது. மெட்ராலஜி லேபில் ஒரு லாட்டில் ஆறு போல்ட்டை எடுத்து அளக்கிறோம். ஆறும் பெட்டியின் ஒரே மூலையிலிருந்து எடுத்திருந்தால் அந்த அளவை சார் ஒத்துக்கொள்வாரா? மாட்டார். அதே கதைதான்.

இதற்கு நல்ல உதாரணம் சென்னையின் எஃப்.சி. 2018 மார்ச் 17-ல் பெங்களூரு போய் பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என்று தோற்கடித்து ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கிய அணி. அடுத்த 2018-19 சீசனில் என்ன ஆனது தெரியுமா? 18 ஆட்டத்தில் 9 புள்ளி. ஆட்டத்துக்கு அரைப் புள்ளி. கடைசி இடம்! கோப்பை வாங்கிக் கொடுத்த அதே கோச் ஜான் கிரிகரிதான் அப்போதும் இருந்தார். அந்த அணிக்கு சாக்கு எதுவும் சொல்ல முடியாது. பாதி சீசனிலும் மோசம், முழு சீசனிலும் மோசம்.

அடுத்து 2019-20 தொடங்கியது. கோவாவிடம் 0-3. மும்பையோடு 0-0. ஏ.டி.கே.யிடம் 0-1. பெங்களூருவிடம் 0-3. நான்கு ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை! "போன வருசக் கதைதான்" என்று எல்லோரும் சொன்னார்கள். ஐந்தாவதில் ஹைதராபாத்தை 2-1 என்று ஜெயித்து, ஆறாவதில் ஒடிசாவோடு 2-2 டிரா. ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி. வகுத்தால் 0.83. கிரிகரி விலகிக்கொண்டார், 2019 டிசம்பரில் ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் கோய்ல் வந்தார்.

இதே வேகத்தில் போயிருந்தால் 18 ஆட்டத்துக்கு 15 புள்ளி. அந்த வருடப் பட்டியலில் அது எட்டாம் இடம். ஆனால் சீசன் முடிந்தபோது சென்னையின் எடுத்தது 29 புள்ளி, நான்காம் இடம். அதாவது கடைசி 12 ஆட்டத்தில் 24 புள்ளி, ஆட்டத்துக்கு இரண்டு. இரண்டாம் இடம் வந்த ஏ.டி.கே. சீசன் முழுக்க எடுத்ததே ஆட்டத்துக்கு 1.89தான்.

இங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும். கோச் மாறினார், அணி மாறியது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் முதல் நான்கு எதிரிகளை மறுபடி பாருங்கள். கோவா அந்த வருடம் முதலிடம், ஏ.டி.கே. இரண்டு, பெங்களூரு மூன்று, மும்பை ஐந்து. பெட்டியின் ஒரே மூலை! அப்படியானால் பின்னால் சுலபமான அணிகளோடு ஆடித்தான் புள்ளி சேர்த்தார்களோ என்று சந்தேகம் வரும். அதைத் தீர்க்க லீக்கிலேயே ஒரு வழி இருக்கிறது. அதே நான்கு பேரோடும் இரண்டாம் தடவை ஆடியே ஆக வேண்டுமல்லவா?

டிசம்பர் 26-ல் சென்னையில் கோவாவிடம் 3-4 என்று தோற்றார்கள். தோல்விதான், ஆனால் மூன்று கோல் போட்ட தோல்வி. 2020 பிப்ரவரியில் பெங்களூருவோடு 0-0. கொல்கத்தாவுக்குப் போய் ஏ.டி.கே.யை 3-1. மும்பைக்குப் போய் 1-0. கூட்டிப் பாருங்கள்: முதல் சுற்றில் இந்த நாலு பேரிடமும் சேர்த்து 1 புள்ளி, போட்ட கோல் சைபர், வாங்கிய கோல் ஏழு. இரண்டாம் சுற்றில் 7 புள்ளி, போட்டது ஏழு, வாங்கியது ஐந்து. இதைப் பார்த்த பிறகுதான் "அணி மாறிவிட்டது" என்று துணிந்து சொல்லலாம். ஒரே எதிரி, இரண்டு அளவு. என் கணக்கில் பாதி சீசனுக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை. தோற்ற கோவா ஆட்டம்கூட இதில் நல்ல செய்தியாகத்தான் நிற்கிறது. அரையிறுதியில் அதே கோவாவை 4-1, 2-4 என்று மொத்தக் கணக்கில் 6-5 ஆகத் தாண்டினார்கள். லிதுவேனியாவைச் சேர்ந்த வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் போட்டார். மார்ச் 14-ல், கொரோனா காரணமாக ஆளே இல்லாத கோவா மைதானத்தில், இறுதியாட்டத்தில் ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றார்கள். அந்த ஏ.டி.கே. அணியில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் வருகிறேன்.

நிற்க. நம் மாவட்டத்தில் பந்து களி என்றால் மேற்குக் கடற்கரைதான். இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. சுறாவுக்கு ஆழ்கடலில் வாரக்கணக்காகத் தங்குகிற ஊர்கள். கரையில் இருக்கும் நாளில் மணலில் பந்து. நம் வகுப்பிலேயே அந்தப் பக்கத்துப் பையன்கள் உண்டு. பேனா பிடிப்பதற்கு முன்னே பந்து உதைத்தவர்கள். இரவிபுத்தன்துறையிலிருந்து வந்தவர்தான் மைக்கேல் சூசைராஜ். 1994-ல் பிறந்தவர். அண்ணன் மைக்கேல் ரெஜினும் கால்பந்து வீரர். இருவரும் சென்னை சிட்டி எஃப்.சி.யில் சேர்ந்து ஆடினார்கள்.

இந்தச் சென்னை சிட்டி, மேலே சொன்ன சென்னையின் அல்ல. வேறு கிளப், வேறு லீக். பெயரில் குழம்பாதவர் குறைவு. 2007-ல் தொடங்கிய ஐ-லீக்கில் ஆடிய முதல் தமிழ்நாட்டு அணி அது. நுழைந்தது 2016-17 சீசனில், அதாவது 2017 ஜனவரியில். முதல் வருடம் எட்டாம் இடம். சூசைராஜுக்கு அப்போது 22 வயது. கால்பந்தில் புதுமுகம் என்று சொல்ல அது கொஞ்சம் பிந்திய வயதுதான். அடுத்த 2017-18 சீசன்தான் நமக்கு முக்கியம்.

2017 நவம்பர் 29. சென்னை சிட்டி கோவாவில் இண்டியன் ஆரோஸ் அணியோடு ஆடியது. ஆரோஸ் என்பது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் இளம் பையன்களுக்காக நடத்திய அணி. அந்த அக்டோபரில் நம் நாட்டில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய பையன்கள் பலர் அதில் இருந்தார்கள். மீசை முளைக்காத பிள்ளைகள்! 3-0 என்று ஜெயித்தது அந்தப் பிள்ளைகள்தான். பட்டியலை நம்புகிறவன் அன்றைக்கே என்ன எழுதுவான்? ஆரோஸ் எழுச்சி, சென்னை சிட்டி வீழ்ச்சி என்று எழுதுவான்.

மறுநாள் நவம்பர் 30-ல் ஓகி நம் கரையைத் தாண்டிப் போனது. கடலில் இருந்தவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. சொன்ன எட்டு ஊரிலும் துக்கம் விழாத தெரு இல்லை. அந்தப் பக்கத்து விளையாட்டுக்காரர்கள் எவரும் அந்த டிசம்பரில் எந்த மனநிலையில் பந்தைத் தொட்டிருப்பார்கள் என்பது புள்ளிப் பட்டியலில் எந்தக் கட்டத்திலும் வராது. இதை எழுதாமல் 2017-18 சீசனைப் பற்றி நம் மாவட்டத்துக்காரன் எழுத முடியாது, அதனால் எழுதினேன்.

2018 ஜனவரி 2-ல் அதே சென்னை சிட்டி கொல்கத்தா போய் மோகன் பகானை 2-1 என்று ஜெயித்தது. நூறு வருடம் தாண்டிய பெரிய கிளப்பை, அவர்கள் ஊரிலேயே! அன்றைக்கே மோகன் பகான் கோச் சஞ்சய் சென் ராஜினாமா செய்துவிட்டார். ஒன்றரை மாதத்துக்குள் பையன்களிடம் 0-3, மோகன் பகானிடம் 2-1. இதில் எது உண்மையான சென்னை சிட்டி? சீசன் முடிவில் 18 ஆட்டத்தில் 19 புள்ளி, மறுபடி எட்டாம் இடம். ஆரோஸ் 15 புள்ளியோடு கடைசி. இரண்டு முடிவுகளும் ஒற்றை அளவுகள், அவ்வளவுதான். ஒரு அளவை வைத்துக் கோடு போட முடியாது. இரண்டு புள்ளி வைத்தால் எந்தக் கோட்டையும் போட்டுவிடலாம். கிராஃப் நோட் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும்.

அடுத்து நடந்ததை எந்தக் கோடும் சொல்லியிருக்காது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் கோச்சாக வந்தார். ஸ்பெயினிலிருந்து நான்கு பேர்: பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா. 2018-19-ன் முதல் ஆட்டம் கோயம்புத்தூரில், அதே ஆரோஸ் அணியோடு. 4-1, மான்சி ஹாட்ரிக். ஒரே எதிரி, இரண்டு அளவு என்று மேலே சொன்னேனே, அதை இங்கேயும் போட்டுப் பாருங்கள். கடைசி நாள், 2019 மார்ச் 9, மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே கோல் போட்டுவிட, பாதி நேரம் வரை சென்னை சிட்டி பின்தங்கிக் கிடந்தது. பிறகு மான்சி பெனால்டியில் ஒன்று, டிஃபென்டர் கௌரவ் போரா இரண்டு. 3-1. 20 ஆட்டத்தில் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளியில் சாம்பியன்! ஆட்டத்துக்கு 1.06 எடுத்த அணி மறுவருடம் 2.15. அதே மாதங்களில்தான் சென்னையின் ஐ.எஸ்.எல்.லில் அரைப் புள்ளியோடு கடைசியில் கிடந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. சென்னை சிட்டியில் நம் ஆட்கள் கொண்டாடிய சூசைராஜ் இந்தக் கோப்பையில் இல்லை. எட்டாம் இட அணியில் ஆடிய அவரை 2018-ல் ஜாம்ஷெட்பூர் எஃப்.சி. ஐ.எஸ்.எல்.லுக்கு எடுத்துக்கொண்டது. தோற்கிற அணியில் நன்றாக ஆடினால் யார் கண்ணிலும் படாது என்று சொல்லிக்கொண்டு திரிகிறோமே, அது சரியல்ல. முதல் வருடம் அதே அணியில் ஆடிய நந்தகுமார் சேகரையும் டெல்லி டைனமோஸ் எடுத்தது. பின்னாளில் 2023 ஆகஸ்ட் 12-ல் டியூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகான் வலையில் ஒற்றைக் கோலைப் போட்டு 1-0 என்று ஜெயிக்க வைத்தவர் அவர்தான். கோப்பை வாங்கிய அணியில் இருந்த நெய்வேலிக்காரர் எட்வின் சிட்னி வான்ஸ்பால் 2019-ல் சென்னையின் அணிக்குப் போனார். ஆக, கிளப்பின் இடம் வேறு, ஆட்டக்காரனின் இடம் வேறு.

அப்படியானால் புதுமுகத்தை எதை வைத்து அளப்பது? நம் பையன்கள் கோலைத்தான் எண்ணுவார்கள். நான் நிமிடத்தை எண்ணச் சொல்வேன். கோல் அதிர்ஷ்டத்திலும் வரும், பெனால்டியிலும் வரும். ஆனால் எந்தக் கோச்சும் அதிர்ஷ்டத்துக்காக ஒருவனை வாராவாரம் 90 நிமிடம் மைதானத்தில் வைத்திருக்கமாட்டான். பாதி சீசனில் ஒரு பையன் ஒன்பது ஆட்டமும் தொடக்கத்திலிருந்து ஆடியிருந்தால், ஒரு கோலும் இல்லாவிட்டாலும், அவன் வளர்கிறான். மூன்று ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் வந்து இரண்டு கோல் போட்டவனைப் பற்றி இன்னும் எதுவும் சொல்ல முடியாது.

நிமிடத்துக்கு அடுத்தது இடம். சென்னை சிட்டியில் முன்னால் போய் தாக்கி ஆடிய சூசைராஜை ஏ.டி.கே. கோச் ஹபாஸ் 2019-20-ல் இடது விங்-பேக் ஆக்கினார். மூன்று டிஃபென்டர் வைத்து ஆடும் முறையில் விங்-பேக் என்பவன் ஏறித் தாக்கவும் வேண்டும், ஓடி வந்து தடுக்கவும் வேண்டும். லேத்தில் வேலை பார்த்தவனை மில்லிங் மெஷினில் நிறுத்துவது மாதிரி. அவர் நின்று காட்டினார். அணி சாம்பியன் ஆனது. கோலை மட்டும் எண்ணுகிறவனுக்கு அந்த வருடம் சூசைராஜ் "டவுன்" ஆனதாகத்தான் தெரியும்!

ஆரோஸ் பையன்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பட்டியலில் கடைசி. ஆனால் வேறு எந்த கிளப்பிலும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயதில் அவர்களுக்கு ஒரு சீசன் முழுக்க ஆட நிமிடம் கிடைத்தது. உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் கோலைப் போட்ட ஜீக்சன் சிங் அதில் ஒருவர். பிறகு கேரளா பிளாஸ்டர்ஸ், சீனியர் இந்திய அணி என்று போனார்.

எல்லாம் ஏற்றமாகவே எழுதிவிட்டால் அது விளம்பரம் ஆகிவிடும். 2020 நவம்பர் 20. ஏ.டி.கே. மோகன் பகான் என்று புதுப் பெயர், புது சீசனின் முதல் ஆட்டம், எதிரி கேரளா பிளாஸ்டர்ஸ். கால் மணி நேரம் ஆகவில்லை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சூசைராஜ் வெளியே போனார். முழங்கால் தசைநார் அறுந்தது, சீசனே போயிற்று. பிறகு ஒடிசா எஃப்.சி.யில் ஆடினார் என்பது வேறு. ஆனால் 26 வயதில், ஏறுமுகத்தில், ஒரு வருடம். ஃபட்டீக் பாடத்தில் படிக்கிறோம், லோடு தாங்கும் அளவுக்குள் இருந்தாலும் திரும்பத் திரும்ப விழுந்தால் மெட்டல் ஒரு நாள் விரிசல் விடும் என்று. முழங்காலுக்கு எஸ்-என் கர்வ் யாரும் வரைந்து கொடுப்பதில்லை.

கிளப்பின் கதை இன்னும் மோசம். 2019-ல் சாம்பியன் ஆன சென்னை சிட்டி, 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை. இரண்டே வருடம்! 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.லே அடுத்த சீசனை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. நடத்தும் உரிமை ஒப்பந்தம் முடியப் போகிறது, புதிது கையெழுத்தாகவில்லை என்பது காரணம். சில கிளப்புகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்தின. பாதி சீசன் பட்டியலில் புள்ளி, கோல் வித்தியாசம் எல்லாம் இருக்கும். சம்பளம் ஒழுங்காக வந்ததா என்ற கட்டம் இருக்காது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதல் கட்டமாகப் போட வேண்டும்.

இதை நான் சும்மா எழுதவில்லை. கடற்கரைப் பக்கத்துப் பையன் ஒருவன், இரண்டாம் ஆண்டு, நம் அணியில் இடது பக்கம் ஆடுகிறவன், போன செமஸ்டரில் என் அறைக்கு வந்தான். "அண்ணா, சென்னையில ஒரு கிளப்பு ட்ரயல்ஸ்க்கு விளிச்சிருக்கு. மூணு வாரம். பிராக்டிகல் அப்பத்தான் வருவு. போட்டா?" என்று கேட்டான். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். ஒன்று, போன வருடம் அங்கே சேர்ந்த புதுப் பையன்கள் மொத்தம் எத்தனை நிமிடம் ஆடினார்கள்? இரண்டு, கால் போனால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, எழுத்தில் உண்டா? மூன்று, பழைய ஆட்டக்காரர்களுக்கு மாதாமாதம் பணம் வந்ததா? "இதையெல்லாம் கேட்டா என்னை எடுப்பினுமா அண்ணா?" என்றான். "கேக்காம எடுத்தா அதுதாண்டே பயம்" என்றேன். அவன் போன் பண்ணிக் கேட்டான். முதல் கேள்விக்கும் மூன்றாவதுக்கும் பதில் வந்தது, இரண்டாவதுக்கு வரவில்லை. அடுத்த பேட்ச் ட்ரயல்ஸுக்குத் தேதி மாற்றித் தந்தார்கள். பிராக்டிகல் முடிந்த அன்று ராத்திரியே வடசேரியில் பஸ் ஏறினான். மலர் அச்சுக்குப் போகும்வரை முடிவு வரவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி அணிக்கு இதுவரை இருப்பது ஸ்கோர் எழுதிய ஒரு பழைய டைரி மட்டும். இந்த வருடம் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டிருக்கிறேன்: தேதி, எதிரி, யார் எந்த இடத்தில், எத்தனை நிமிடம். முதலாமாண்டுப் பையன்களுக்குத் தனிப் பக்கம். இன்டர்-பாலிடெக்னிக் போட்டிக்கு அணி எடுக்கும்போது யார் கோல் போட்டான் என்று சண்டை போடாமல் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். நான் இந்த வருடத்தோடு வெளியே போகிறேன். நோட்டு பி.டி. சார் அறையில், பந்து வைக்கும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பேனா கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ரீஃபில் மாற்ற மட்டும் யாராவது பொறுப்பெடுங்கள்.

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)